எட்டாவது தடை

ஏழைத் தாண்டி வந்த ஜெசிந்தா
எட்டாவது தடையில் நின்றுவிட்டாள்.
விழவில்லை. தசை பிடிக்கவில்லை.
பஸ்ஸுக்குக் காத்திருப்பவள்போலக்
குறுக்குக் கட்டையில் கை ஊன்றிக் கேட்டாள்:
"மிஸ், இதுக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கு?"
"ஒன்பது."
"அதுக்கு அந்தப் பக்கம்?"
"பத்து. நேரம் ஓடுது, வா."
சரியென்று தலையாட்டிவிட்டுச்
செம்மண்ணில் உட்கார்ந்து
ஷூ லேஸை அவிழ்த்தாள்,
இரண்டு முடிச்சையும், அவசரமே இல்லாமல்.

தேசியப் பதக்கம் இரண்டு வாங்கிய கால்கள்.
காரைக்குடிப் பங்குனி வெயில்
ஆறரைக்கே முதுகைத் தொட்டுவிட்டது.
எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும்.
பதினோரு வருடமாக நேரம் தவறாமல் வந்த கோபம்
அன்றைக்கு வரவில்லை.
திட்ட வாயைத் திறந்தேன்.
கொட்டாவி வந்தது.

ராத்திரி பல் தேய்க்கும்போது
கழுத்தில் ஏதோ உறுத்தியது.
ஸ்டாப்வாட்ச். நிறுத்தவே இல்லை.
பதினைந்து மணி, பன்னிரண்டு நிமிடம், சொச்சம்.
நான் நின்றுகொண்டே சாப்பிட்டது,
சங்கச் செயலாளரிடம் போனில் பொய் சொன்னது,
இப்போது கண்ணாடி முன் நுரையோடு நிற்பது
எல்லாம் ஒரே ஓட்டமாக அதில் இருந்தது.

நோட்டை எடுத்தேன்.
காலை நாடித்துடிப்பு, அவள் கையெழுத்தில்:
48, 48, 49, 55, 58, 61.
ஒவ்வொன்றுக்கும் டிக் அடித்திருக்கிறேன்,
சிவப்பு மையில், அழகாக.
எடை, தூக்கம், தூரம், நேரம் என்று எட்டுக் கட்டம்.
வரப் பிடிக்கிறதா என்று ஒரு கட்டம் இல்லை.
ஸ்கேல் வைத்து ஒன்பதாவது ஒன்று போட்டேன்.
கோணலாக வந்தது.

மறுநாள் அதில் அவள் எழுதியது: தெரியல.
பேனாவை வாங்கி அதன் கீழே
நானும் எழுதினேன்: தெரியல.
இரண்டு பேரும் சிரித்தோம்.
அவள் சிரிப்பு முதலில் நின்றது.

தடைகளை ஷெட்டில் அடுக்கிப் பூட்டினோம்.
திண்டுக்கல் பூட்டு. இழுத்தால் கதவுதான் கையோடு வரும்.
சாவியை வாட்ச்மேன் சிக்கந்தர் பாயிடம் கொடுத்தேன்.
பத்து நாள். யார் கேட்டாலும் குடுக்காதீங்க.

மாநிலப் போட்டிக்கு முப்பத்தொரு நாள் இருந்தது.
செயலாளர் கத்தினார், கெஞ்சினார், மறுபடி கத்தினார்.
தேவகோட்டை ரஸ்தாவில் பஞ்சர் கடை வைத்திருக்கும்
ஜெசிந்தாவின் அப்பா ஒன்றுதான் கேட்டார்:
"அப்ப இந்தப் பத்து நாளைக்கு
முட்டை எத்தனை, மிஸ்?"

எங்கள் தெரு முனையில் ஊரணி.
குடிக்கிற தண்ணீர், கால் நனைக்காதீர் என்று போர்டு.
எத்தனை வருடமாக அதைத் தாண்டி
மைதானத்துக்கு ஓடியிருக்கிறேன்.
எங்கள் இரண்டு பேருக்குள்ளும்
கால் படாத தண்ணீர் ஒரு குடம்கூட இல்லை.

மூன்றாம் நாள் விடியலில்
ஷெட் வாசலில் வந்து நின்றது ஜெசிந்தா இல்லை, நான்.
"சும்மா துடைச்சு வைக்கத்தான் பாய்."
"யார் கேட்டாலும்னு சொன்னீங்க மிஸ்."
"என்னைச் சொல்லல."
"உங்களைத் தவிரன்னும் சொல்லலையே."
டீ வாங்கித் தந்தார். சர்க்கரை அதிகம்.
குடித்து முடிக்கும்வரை என் கட்டைவிரல்
கிளாஸ் விளிம்பை அழுத்திக்கொண்டே இருந்தது,
தொடங்கு, நிறுத்து, தொடங்கு.

நான்காம் நாள் ஏழு மணிவரை தூங்கினேன்.
ஐந்தாம் நாள் அழுதேன், காரணம் எதுவும் கிடைக்கவில்லை.
மற்ற நாட்களைப் பற்றி நோட்டில் ஒன்றுமில்லை.

பதினோராம் நாள் அவள் துடிப்பு ஐம்பத்திரண்டு.
நாற்பத்தெட்டு இல்லை.
ஒன்பதாவது கட்டத்தில்: கொஞ்சம்.
சிக்கந்தர் பாய் சாவியை நீட்டினார்.
ஜெசிந்தா என்னைப் பார்த்தாள். நான் அவளை.
"உங்ககிட்டயே இருக்கட்டும் பாய்.
சாப்பிட்டுட்டு வர்றோம்."